இரண்டு விரற்கடை

தொண்ணூற்றாறு பக்கம்.
அதில் எழுபது நான் எழுதியவை.
கண்ணாடி நுண்மணிகள் கலந்த கான்கிரீட்,
தண்ணீரைவிட இலேசு,
பதினான்கு மில்லிமீட்டர் தோல்.
முட்டை ஓட்டைப் பற்றி எழுதுவதுபோல் எழுதியிருந்தேன்.

நடுவர்கள் படகை ஏரிக்குள் அமுக்கினார்கள்.
விதி அது: கான்கிரீட் படகு முழுக்க முழுகி
தானாக மேலே வர வேண்டும்.
எங்களுடையது வந்தது,
முங்கிய நாய் தலையைத் தூக்குவதுபோல.
டோர்ஃபி கத்தினான். ஹலீனா என் முதுகில் அறைந்தாள்.
மே மாதக் கடைசி. வினிபெக் ஏரியின் கரையோரத்தில்
பனிக்கட்டி இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

பக்கத்துக் கூடாரத்தில் பிராண்டன்காரர்கள்.
அவர்களுடையதைப் படகு என்று சொல்லக்
கொஞ்சம் தாராள மனசு வேண்டும்.
விளிம்பு ஓரிடத்தில் ஏறி, ஓரிடத்தில் இறங்கி,
கரணைத் தடம் அப்படியே தெரிய,
எடை எங்களுடையதைப் போல ஒன்றரை மடங்கு.
உள்ளே, நடுவில்கூட இல்லை,
நடுவுக்கு ஒரு சாண் பின்னால்,
குறுக்கே தடித்த ஒரு விலா.

"இது ஏன் இங்கே?" என்றார் நடுவர்.
லொரெட் ஷார்ட்ராண்ட் கையுறையைக் கழற்றாமலே சொன்னாள்:
"போன வருஷம் இங்கேதான் ஒடிஞ்சது."
"கணக்கு?"
"அதுக்கு முந்தின வருஷம், இதோ, இங்கே."
நடுவர் ஏதோ எழுதினார். சின்னதாக.
வடிவமைப்பு அறிக்கையில் அவர்களுக்கு ஒன்பதாம் இடம்.
எங்களுக்கு முதலிடம்.
நான் சிரித்தேன் என்பதை
இங்கே மறைக்க விரும்பவில்லை.

மதியம் வடக்கிலிருந்து காற்று.
ஆழமில்லாத ஏரி. அலை நீளாது,
குட்டையாக, நெருக்கமாக,
கடன்காரன் கதவைத் தட்டுவதுபோல் வரும்.
ஒரு முகடு மூக்கைத் தூக்க, இன்னொன்று வாலைத் தூக்க,
நடுவில் தாங்க ஒன்றுமில்லை.

என் படத்தில் தண்ணீர் ஒரு நேர்கோடு.
அளவுகோல் வைத்து நானே இழுத்தது.

இரண்டாவது மிதவையில் திரும்பும்போது சத்தம்.
பெரிதாக இல்லை,
மேசைமேல் தட்டை வைப்பதுபோல.
விரிசலைக் கண் பார்க்கும் முன்
முழங்கால் அறிந்துகொண்டது.
டோர்ஃபி துடுப்பைப் போட்டுவிட்டுத்
தொப்பியால் இறைத்தான்.
கடைசிக்கு முந்தி வந்து சேர்ந்தோம்.
பிராண்டன் மூன்றாவது.

விரிசல் எங்கே என்று யாரும் கேட்கவில்லை.
நானாக அளந்தேன்.
நடுவுக்கு ஒரு சாண் பின்னால்.

மாலையில் மதிப்பெண்களைக் கூட்டினார்கள்:
அறிக்கை, மேடை உரை, மெருகு, பந்தயம்.
இரண்டு புள்ளி வித்தியாசத்தில் கோப்பை எங்களுக்கு.
ஈரக் காலுறையோடு ஏறி வாங்கினேன்.
கைதட்டல் ஒழுங்காகத்தான் இருந்தது.

வண்டி நிறுத்துமிடத்தில் லொரெட்
படகை லாரியில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தவள்
கயிற்றை விட்டுவிட்டு என்னிடம் வந்தாள்.
வாழ்த்தத்தான் வருகிறாள் என்று நினைத்தேன்.
"உன் அறிக்கையில ஒரு பிரதி கிடைக்குமா?
அடுத்த வருஷம் படகோட நீளத்தை மாத்துறாங்களாம்.
எங்களுக்கு ஒடிஞ்ச இடமெல்லாம் பழைய நீளத்துக்கு."

கொடுத்தேன். நனைந்த பிரதிதான் இருந்தது.
"விலா எவ்வளவு தடிமன்?"
இப்போதுதான் கையுறையைக் கழற்றினாள்.
இரண்டு விரலைச் சேர்த்துக் காட்டினாள்.

திரும்பும் வழியில், வேனின் கடைசி இருக்கையில்,
நேர்கோட்டை அழித்துவிட்டு
அலையைப் போட்டு முதலிலிருந்து கணக்குப் பார்த்தேன்.
எல்லாரும் தூங்கிவிட்டார்கள்.
கோப்பை ஹலீனாவின் மடியில் உருண்டுகொண்டிருந்தது.

விடை: ஒன்றரை விரற்கடை.
மறுபடி போட்டேன். ஒன்றரைதான்.

மிச்சம் அரை எதற்கு என்று
அவளைக் கேட்டாலும் தெரிந்திருக்காது.
அட்டவணையில் அதற்கொரு வரிசை சேர்த்தேன்.
பெயர் எழுதும் கட்டம் மட்டும்
செல்கர்க் தாண்டியும் காலியாகவே இருந்தது.